மலைக்குள் போகாத கல் டாக்டர்

சிசுரு எங்கள் முகாமில் வந்து இறங்கிய அன்று, சமையலுக்கு இன்னொரு ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். எழுபது ஆம்பளைகளுக்கு நானும் ஒரு உதவிக்காரியுமாக மூன்று வேளையும் ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேனிலிருந்து இறங்கியவளிடம் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "முள்ளங்கி அங்க இருக்கு, தோலை மெல்லிசா சீவணும்" என்றேன். அவள் முதுகுப்பையை இறக்கி வைத்தாள். ஆறு முள்ளங்கியைச் சீவி அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"அக்கா, முரோசோனோ சார் எங்க இருப்பார்? நான் நிலவியல் கம்பெனியில இருந்து வர்றேன்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. தொண்ணூற்றைந்தாம் வருடம், அக்டோபர் கடைசி. ஜப்பானின் நடுவே ஹிதா மலையைக் குடைந்து நான்கு கிலோமீட்டருக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் புருஷன் மினோரு உடைத்த கல்லை வெளியே கொண்டுவந்து கொட்டும் லாரி ஓட்டினார். நான் சாப்பாட்டுக்கூடம். என் பெயர் ஹத்சுயே. ஹத்சு அக்கா என்று கூப்பிடாதவன் அங்கே கிடையாது.

சிசுருவுக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பா நகோயாவில் வங்கி குமாஸ்தா. மாதத்துக்கு ஒரு தடவை அவர் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைத் தபாலில் அனுப்புவார். அவள் அதைப் பார்க்காமலே வரைபடத்தின் மூலை சுருளாமல் இருக்க மேலே வைத்துவிடுவாள். முந்தின இரண்டு கோடையும் அந்த மலையின் ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி ஏறி, சுத்தியலால் தட்டி, எங்கே என்ன பாறை, எங்கே பிளவு என்று படம் போட்டது அவள்தான். அந்தப் படத்தை வைத்துத்தான் குடைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் குடைந்த இடத்துக்குள் அவள் போகக் கூடாது.

பெண் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று அப்போது சட்டம். டாக்டர் போகலாம், நர்ஸ் போகலாம், பத்திரிகைக்காரி போகலாம். கம்பெனிச் சம்பளத்துக்குப் பாறை பார்க்கிறவள் போகக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் என்றால், மலைத்தேவி இன்னொரு பக்கம். அவள் பெண். இன்னொரு பெண் உள்ளே வந்தால் பொறாமைப்பட்டு மலையைச் சரித்துவிடுவாள் என்று எங்கள் ஆட்கள் மனதார நம்பினார்கள். சுரங்க வாசலிலேயே அவளுக்குச் சின்னக் கோயில். மாதம் ஒன்றாம் தேதி சாக்கே மதுவும் உப்பும் வைத்துக் கும்பிடாமல் ஒருத்தனும் உள்ளே போக மாட்டான். பதினெட்டு வருடம் சுரங்கம் சுரங்கமாகச் சமைத்திருக்கிறேன், நானே வாசல் தாண்டியதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை. எனக்கு உள்ளே என்ன வேலை?

சிசுருவுக்கு வேலை இருந்தது. இந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண் வேறு தளத்துக்குப் போய்விட்டதால் இவளை அனுப்பியிருந்தார்கள். அலுவலகத்தில் இடமில்லை என்று சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில், என் அடுக்களை ஜன்னலுக்கு நேரே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவை வெடி வைத்து உடைத்ததும், எதிரே புதிதாக ஒரு பாறைச் சுவர் நிற்கும். அதை நாங்கள் முகம் என்போம். சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி மூடுவதற்குள் அந்த முகத்தைப் பார்த்து வரைந்துவிட வேண்டும். எங்கே விரிசல், எந்தப் பக்கம் சாய்கிறது, ஈரம் உண்டா என்று. அது அகுத்சு என்ற பொறியாளரின் பொறுப்பு. பாவம், அவருக்கு வேறு முப்பது வேலை.

"அகுத்சு சார், நாலு நாளா ஒரே படத்தைக் குடுக்கிறீங்களே" என்றாள் சிசுரு ஒரு நாள் மதியம்.

"பாறை ஒரே மாதிரி இருக்கு மேடம்."

"தேதியை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க."

"அதையாவது மாத்தினேனே."

கூடமே சிரித்தது. சிசுருவும் சிரித்துவிட்டு, குனிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் மூன்றாவது கிண்ணம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த தொகுஜி மட்டும் சிரிக்கவில்லை.

தொகுஜி துளை போடும் குழுவுக்குத் தலைவன். ஒயித்தாக் கடற்கரைக்காரன், முப்பத்துமூன்று வயது. பதினாறு வயதில் சுரங்கத்துக்கு வந்தவன். கல்யாணம் செய்துகொள்ள ஊர்ப்பக்கம் போகவே நேரமில்லை என்பான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதில் மூன்று "இன்னும் கொஞ்சம் சோறு".

மறுநாள் வேலை முடிந்து வந்தவன், குளிக்கக்கூடப் போகாமல் சிசுருவின் மேஜையில் நான்கு பொட்டலங்களை வைத்தான். செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் எழுதியிருந்தது: இடது தோள். உச்சி. வலது தோள். வலது கால்.

"இன்னிக்கு முகம்" என்றான்.

சிசுரு அவசரமாகப் பிரித்து ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தாள். "இது எப்படி இருந்துச்சு? உடையறப்போ?"

தொகுஜி யோசித்தான். அவனுக்குப் பாறைக்கான பெயர்கள் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாப்பாடுதான். "வலது கால், கல்லுன்னா கல்லு. உச்சி பரவாயில்லை. இடது தோள் மட்டும்... நல்லா சுட்ட மீனோட தோல் மாதிரி. விரலால தள்ளினா உரிஞ்சு வருது."

"எந்தப் பக்கமா உரியுது?"

அவன் சுட்ட அயிலை வைத்திருந்த தட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டினான். சிசுரு தன் திசைகாட்டியைத் தட்டின் மேல் வைத்துச் சாய்வை அளந்து எழுதிக்கொண்டாள். நான் ஜன்னலிலிருந்து கத்தினேன்: "தட்டுல எண்ணெய் ஒழுகுது, மேஜையைத் துடைக்கிறது யாரு?"

அன்றிலிருந்து தினமும் பொட்டலம் வந்தது. அவனுக்குத் திசைகாட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவன் படமும் வரைய ஆரம்பித்தான். கோடு கோணலாக இருக்கும், ஆனால் ஒரு விரிசல் விட்டுப்போகாது. ஓரத்தில் குறிப்பு எழுதுவான்: "நேத்து சோறு மாதிரி, உதிருது." "ஆறின மொச்சி மாவுருண்டை மாதிரி, சுத்தியல் ஒட்டிக்குது." சிசுரு அவற்றை நிலவியல் வார்த்தைகளில் மாற்றி அறிக்கை எழுதுவாள். ஆட்கள் அவளுக்குக் கல் டாக்டர் என்று பேர் வைத்தார்கள். தொகுஜிக்குக் கம்பவுண்டர் என்று.

"கம்பவுண்டரே, இன்னிக்கு நோயாளிக்கு எப்படி?" என்று கேட்டால், அவன் நிமிராமல் சாப்பிடுவான். காது மட்டும் சிவக்கும்.

பிப்ரவரியில், பனி கூரை வரை கிடந்தபோது, தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்தாள். சட்டப்படி அவள் போகலாம். ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் கோயிலில் ஒரு கை உப்பை அதிகமாகவே வீசினான். ஆனாலும் நிருபர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காமிராவோடு உள்ளே போனாள். சிசுரு வாசலில் நின்று அவளுக்கு முகத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். இருபது நிமிடத்தில் வெளியே வந்த நிருபர், "அய்யோ, என்ன சத்தம்! என்ன தூசி! நீங்க போகாம இருக்கிறதே நல்லது" என்றாள்.

"இடது தோள்ல ஈரம் இருந்துச்சா?" என்றாள் சிசுரு.

"தோளா? யாரோட தோள்?"

சிசுரு தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று மாலை முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளிடம் எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது, கூடை வெங்காயத்தை நகர்த்தி, "உரிக்கிறியா? யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்றேன்.

"வெங்காயம் வேண்டாம்க்கா. அழுதா அழுததாவே இருக்கட்டும்" என்றாள். அழவில்லை. அரிசி உருண்டை பிடித்துக் கொடுத்தாள், நூற்று நாற்பது.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. அவள் படத்தில் அந்த மலைக்கு நடுவே ஒரு பெரிய பிளவு இருந்தது. இரண்டு பக்கத்துப் பாறையும் ஒன்றோடொன்று உரசி, நடுவே எல்லாம் மாவாக அரைபட்டு, அதன் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். தெரியாமல் வெடி வைத்து அதை உடைத்தால் தண்ணீரும் சேறும் ஆட்களையும் வாரிக்கொண்டு வரும். ஏப்ரல் கடைசியில், சுரங்கம் அதை நெருங்கிவிட்டது என்று கணக்குப் போட்டு அவள் வேலையை நிறுத்தச் சொன்னாள். முன்னால் நீளமாகத் துளை போட்டுச் சோதிக்க வேண்டும் என்றாள்.

தளத் தலைவர் முரோசோனோ முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். மூன்று நாள் துளை போட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லுன்னா கல்லு.

முரோசோனோ சாப்பாட்டுக்கூடத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும் சோதனை அறிக்கையை அவள் மேஜையில் போட்டார். "மூணு நாள். எழுபது பேர் மூணு நாள் சீட்டு விளையாடினாங்க. உங்க பிளவு எங்கம்மா? லீவு போட்டிருக்கா?"

சிசுரு எழுந்து நின்று குனிந்தாள். "என் கணக்கு தப்பு, சார். மன்னிக்கணும்."

"அடுத்த தடவை நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க."

அவர் போன பிறகு எல்லாரும் தட்டில் குனிந்துகொண்டார்கள். கேலிகூட இல்லை; அதுதான் இன்னும் மோசம். தொகுஜி எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்தான், அப்படிச் செய்ததே இல்லை. பிறகு அவள் மேஜை முன்னால் போய் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றான்.

"சரி..."

"அந்தப் பிளவு வெளியில எங்க தெரியுதுன்னு காட்டறீங்களா? நான் மலையை வெளியில இருந்து பார்த்ததே இல்லை."

கல்யாணமாகாத இரண்டு பேர் தனியாக மலைக்குப் போனால் எழுபது வாயும் மெல்லும். அதனால் கீரை பறிக்க என்று சொல்லி நானும் கூடையோடு கிளம்பினேன். இரண்டு மணி நேரம் ஏற்றம். நிழலில் இன்னும் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. அது உருகின இடத்திலெல்லாம் குருத்துக் கீரை. நான் குனிந்து பறித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் பத்தடி முன்னால்.

ஓடை சட்டென்று திரும்பும் ஓர் இடத்தில் சிசுரு நின்றாள். "இதுக்கு நேர் கீழே நானூறு மீட்டர்ல நீங்க துளை போடறீங்க."

தொகுஜி சுற்றிலும் பார்த்தான். பறவை கத்திக்கொண்டிருந்தது. மரங்களில் அப்போதுதான் இலை விட்டிருந்தது. "இதுக்குக் கீழயா?" என்றான். "இவ்வளவு அழகா இருக்கிறதுக்குக் கீழயா நாங்க இருக்கோம்?" முட்டி போட்டு உட்கார்ந்து, மெதுவாகக் காதைத் தரையில் வைத்தான். சிசுரு சிரிக்கவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணுமில்லை. ஓடைதான்." காதை எடுக்கவில்லை. "மேல இருக்கிறவங்களுக்கு நாங்க இருக்கிறதே தெரியாது போல."

"எனக்குத் தெரியும்" என்றாள் சிசுரு.

நான் கீரையை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடைக் கரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பனி உருகியதில் கரை ஒரு பக்கம் சரிந்து, போன கோடையில் மண் மூடியிருந்த பாறை வெளியே தெரிந்தது. திடீரென்று அவள் கை நின்றது. திசைகாட்டியை எடுத்து வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"பிளவு செங்குத்தா இறங்குதுன்னு நினைச்சேன்" என்றாள். "இல்லை. முன்பக்கமா சாய்ஞ்சு இறங்குது. நீங்க வரைஞ்ச விரிசல் எல்லாம் சாய்ஞ்சுதான் இருந்துச்சு... நான்தான் என் படத்தை நம்பினேன், உங்க படத்தை நம்பலை."

"எவ்வளவு தள்ளிப் போகும்?"

"இந்தச் சாய்வே கீழ வரைக்கும் இருந்தா, தொண்ணூறு மீட்டர். ஆனா கீழ வரைக்கும் இதே சாய்வுதானான்னு யாருக்குத் தெரியும்?"

அன்று மதியம் பாறை மேல் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டோம். தொகுஜி தன்னுடைய உப்புப் பிளம்மை எடுத்து அவள் உருண்டையின் மேல் வைத்தான், கேட்காமலே. அவளும் கேட்காமலே சாப்பிட்டாள். எனக்கு ஒருத்தரும் பிளம் வைக்கவில்லை. மினோருவிடம் இதைச் சொன்னபோது, "உன் வயசுக்கு அது வயித்தைக் கடுக்கும்" என்றார்.

ஜூன் இரண்டாவது வாரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். வேலை நேரத்தின் நடுவில் தொகுஜி கூடத்துக்குள் ஓடிவந்தான். கையில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி. திறந்தால், சோறு இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய பச்சையாகக் களிமண்.

"துளைத் தண்ணி பால் மாதிரி வருது" என்றான் மூச்சு வாங்க. "கல்லோட சத்தம் செத்துப்போச்சு. எப்பவும் கணீர்னு இருக்கும். இப்போ மெத்தையைத் தட்டற மாதிரி இருக்கு."

சிசுரு களிமண்ணை விரலில் தேய்த்தாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே முரோசோனோ வந்தார், மழைக்கோட்டோடு.

"தொகுஜி, வேலையைப் போட்டுட்டு இங்க என்ன பண்றே? பன்னிரண்டு மணிக்கு வெடி." பிறகு அவளிடம்: "சரி, நீங்களே சொல்லுங்க. பிளவு இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

அவள் களிமண்ணை மறுபடி பார்த்தாள். ஏப்ரல் மாதத்து மூன்று நாளை அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. என் கையில் கரண்டி. குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது, அசைய முடியவில்லை.

"தெரியலை, சார்."

"தெரியலையா?"

"பெரிய பிளவாவும் இருக்கலாம். சின்ன விரிசல்ல இருக்கிற களிமண்ணாவும் இருக்கலாம். நான் முகத்தைப் பார்க்கலை. பார்த்திருந்தாலும் முழுசாத் தெரிஞ்சிருக்காது." விரலில் ஒட்டிய களிமண்ணைக் காட்டினாள். "ஆனா துளை போட்டுப் பார்க்காம வெடி வைக்கக் கூடாது. அது தெரியும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை இருக்குன்னு சொன்னேன். தப்பு. இந்தத் தடவை தெரியலைன்னு சொல்றேன்."

முரோசோனோ பெருமூச்சு விட்டு, மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டார். அப்போது தொகுஜி அவர் வழியில் போய் நின்றான். அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சார், பதினேழு வருஷமா என்கிட்ட எல்லாரும் தெரியும்னுதான் சொல்லியிருக்காங்க. ஒண்ணும் ஆகாது, போ போன்னு. அப்படிச் சொன்ன இடத்துல நான் மூணு பேரைத் தூக்கிட்டு வந்திருக்கேன். தெரியலைன்னு சொன்ன முதல் ஆள் இவங்கதான். நான் இன்னிக்கு வெடி வைக்க மாட்டேன்."

"நீ வைக்கலைன்னா வேற குழு வைக்கும்."

"கேட்டுப் பாருங்க."

கேட்டார். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. ஏப்ரலில் அவள் தலைகுனிந்ததைப் பார்த்தவர்கள்தான். முரோசோனோ சாப்பாட்டுக்கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒரு நாள்" என்றார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும்தான்."

அன்று சாயங்காலம் வரை சிசுரு குடையோடு சுரங்க வாசலில் நின்றாள். நான் கொண்டுபோன தேநீர் கையிலேயே ஆறிப்போயிற்று. "இல்லாம இருந்தா நல்லதுக்கா" என்றாள். "நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன், அந்த போட்டோவுல ஒருத்தரைக் கட்டிக்கிறேன். இல்லாமலே இருக்கட்டும்."

இருந்தது. துளை முப்பத்தோராவது மீட்டரைத் தொட்டபோது தண்ணீர் அடித்த வேகத்தில் துளைக்கும் எஃகுக் கம்பி பின்னோக்கிப் பறந்து வந்ததாம். ஆட்களை முன்பே ஓரமாக நிறுத்தியிருந்ததால் யாருக்கும் அடி இல்லை. தொகுஜியின் ஒரு கையுறை மட்டும் தண்ணீரோடு போயிற்று. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்: முதலில் இரைச்சல், அப்புறம் கால்வாய் நிறையப் பால் நிறத் தண்ணீர், அப்புறம் ஒவ்வொருத்தராக நனைந்த ஆட்கள். சிசுரு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டாவதாகத் தொகுஜி வந்தான், அவசரமே இல்லாமல், ஒற்றைக் கையுறையோடு.

அவளைப் பார்த்ததும், "தெரிஞ்சுபோச்சு" என்றான்.

சிசுரு குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். தொகுஜிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடையை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் முழுக்க நனைந்திருந்தான்.

மறுநாள் காலை முரோசோனோ கூடத்துக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் ஊற்றிய மிசோ சூப்பை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு அவள் மேஜைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த துளை எங்க போடணும், மேடம்?"

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் ஒரு வெடியும் வைத்ததில்லை.

அந்தத் தண்ணீரை வடித்து, பிளவைக் கடந்து போக ஏழு மாதம் ஆயிற்று. தொண்ணூற்றேழு நவம்பரில் மறுபக்கத்திலிருந்து குடைந்து வந்தவர்களோடு சுரங்கம் ஒன்று சேர்ந்தது. சாக்கே பீப்பாய், கைதட்டல், பான்ஸாய் கோஷம் எல்லாம் உள்ளே. சிசுருவும் நானும் வெளியே குளிரில், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். "போய்த்தான் பார்த்துடேன், இன்னிக்கு யாரு கேட்கப் போறாங்க" என்றேன்.

"வேண்டாம்க்கா. திருட்டுத்தனமா போனா பார்த்த மாதிரி இருக்காது."

ஆட்கள் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். தொகுஜி நேராக அவளிடம் வந்து ஒரு கல்லை நீட்டினான். இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் கடைசியாக உடைகிற கல். அதைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம், சுகப்பிரசவம் ஆகும் என்று. அது எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஒருத்தன் அதைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். ஆட்கள் போட்ட ஊளைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

சிசுரு கல்லை வாங்கினாள். பழக்க தோஷம், கழுத்தில் தொங்கிய லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தாள். "கிரானைட். கறுப்பு மைக்கா நிறைய இருக்கு. விரிசல்ல கொஞ்சம் குவார்ட்ஸ்..."

"அதுக்கு லென்ஸ் வேண்டாங்க" என்றான் தொகுஜி.

அவள் லென்ஸை இறக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது அவளுக்கு. முகம் சிவந்து, கல்லை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வேலையை விட மாட்டேன்" என்றாள்.

"நானும் விட மாட்டேன்."

"அப்போ எங்க குடும்பம் நடத்தறது?"

"லீவு நாள்ல" என்றான்.

அப்படியேதான் நடத்தினார்கள். அவன் ஒரு சுரங்கம், அவள் ஒரு மலை. வருடத்தில் சேர்ந்தாற்போல் அறுபது நாள் ஒரே கூரைக்கடியில் இருந்தால் பெரிது. ஒரு மகள் பிறந்தாள், நகோயாவில் தாத்தா பாட்டியோடு வளர்ந்தாள். வங்கி குமாஸ்தாவுக்கு மருமகனைப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவன் எதற்கும் எதிர்த்துப் பேசாததுதான். சண்டையே வராதா என்று ஒரு தடவை சிசுருவிடம் கேட்டேன். "சண்டை போடறதுக்கு ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கணும்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்று அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் சட்டம் மாறியது. பெண் நிலவியலாளர்கள் உள்ளே போகலாம் என்றார்கள். நான் அப்போது வடக்கே அகிதாவில் ஒரு சுரங்கத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் அந்தத் தளத்துக்குச் சிசுரு வந்தாள், முப்பத்தொன்பது வயதில், ஒரு குழுவுக்குத் தலைவியாக. புது ஹெல்மெட், காதில் அடைப்பான், முகமூடி. வாசல் கோயிலில் நின்று கும்பிட்டாள். வயசான ஆட்கள் இரண்டு பேர் அன்று உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் உப்பை வீசிவிட்டு வழிவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். தூசியில் கண் மட்டும்தான் தெரிந்தது. நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் திட்டவில்லை. கைப்பேசியை எடுத்துத் தொகுஜியைக் கூப்பிட்டாள். அவன் ஷிகோகுவில் வேறொரு சுரங்கத்தில் இருந்தான். சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தம், போனில் கத்துவார்கள். அவன் பேசியது அடுக்களை வரை கேட்டது.

"போனியா?"

"போனேன்."

"மலை சரிஞ்சுதா?"

"சரியலை."

"ஹ்ம்." செருமிக்கொண்டான். "எப்படி இருந்துச்சு?"

"பன்னிரண்டு வருஷமா நேர்லயும் போன்லயும் சொன்னீங்க" என்றாள். "மீன் தோல், நேத்து சோறு, மொச்சின்னு. எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா ஒண்ணை மட்டும் சொல்லலை."

"எதை?"

"மின்னுதே. வெடிச்சுப் புகை அடங்கினதும் விளக்கு பட்டு அப்படியே மின்னுது. எத்தனையோ கோடி வருஷமா வெளிச்சமே படாத பாறை. முதல் வெளிச்சம் படறப்போ..." அவளுக்கு வார்த்தை வரவில்லை. "அதை ஏன் சொல்லவே இல்லை?"

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதை நீயே பார்க்கணும்னு விட்டு வெச்சேன்" என்றான் தொகுஜி.

அவள் முகத்துத் தூசியில் இரண்டு கோடு இறங்கியது.

"சாப்பிட்டியா?" என்று கத்தினான்.

"இன்னும் இல்லை."

"ஹத்சு அக்கா இருக்காங்களா? ரெண்டு கிண்ணம் போடச் சொல்லு."

போட்டேன். இரண்டையும் சாப்பிட்டாள். அதற்கப்புறம் தட்டை ஒதுக்கிவிட்டு, அன்றைய முகத்தைத் தானே வரைய உட்கார்ந்தாள். அவளுடைய ஆட்கள் மூன்று பேர் அறிக்கைக்காகக் காத்து நின்றார்கள். இடது தோளை மட்டும் நான்கு தடவை அழித்து அழித்து வரைந்தாள், சரியாக வரும் வரைக்கும்.